கண்ணாடி மாட்டினால் உயிர் காக்கக் கற்கலாமா?

மருத்துவம் படிக்கும் எங்களிடம் வெளியாட்கள் நிறைய கேள்வி கேட்பார்கள். பிணத்தைப் பார்த்தால் பயமாக இருக்காதா? இன்னும் எத்தனை வருஷம் படிக்கணும்? தலைவலிக்கு என்ன மாத்திரை போடலாம்? இப்படி. கேட்க வேண்டிய கேள்வியை மட்டும் யாரும் கேட்பதில்லை: "இதையெல்லாம் முதல் தடவை யார் மேல் செய்து பார்ப்பாய்?"

எல்லாவற்றுக்கும் ஒரு முதல் தடவை உண்டு. ரத்தம் எடுக்க, தையல் போட, மூச்சுக்குழாய்க்குள் ட்யூப் விட. உலகம் முழுக்க மருத்துவக் கல்லூரிகளில் தலைமுறை தலைமுறையாகப் புழங்கும் ஒரு வாசகம் இருக்கிறது. ஒன்றைப் பார், அடுத்ததைச் செய், அதற்கடுத்ததைச் சொல்லிக்கொடு. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. அந்த 'அடுத்தது' ஒரு மனிதர் என்பதுதான் சிக்கல்.

ரத்தம் எடுப்பது போன்ற வேலை என்றால் பரவாயில்லை. பக்கத்தில் சீனியர் நிற்பார், இரண்டாவது தடவை குத்தினால் நோயாளி முறைப்பார், அவ்வளவுதான். ஹாஸ்டல் நண்பன் நல்லவனாக இருந்தால் அவன் கையிலேயே கூடப் பழகலாம். ஆனால் இதயம் நின்றுபோனவருக்குச் செய்யும் சிபிஆரை எந்த நண்பன் மேல் செய்து பார்ப்பது? அவன் சம்மதித்தாலும் கூடாது. துடித்துக்கொண்டிருக்கும் இதயத்தின் மேல் முழுப் பலத்தோடு அழுத்துவது ஆபத்து.

அதோடு அவசர கேஸ்கள் நம் டைம்டேபிள் பார்த்து வருவதில்லை. இரண்டு வாரம் கேஷுவால்டி போஸ்டிங் போட்டாலும், நாம் சாப்பிடப் போன அரைமணியில் வந்து முடிந்துவிடும். நாம் இருக்கும்போது வந்தாலும், இரண்டே நிமிடத்தில் டியூட்டி டாக்டர், பி.ஜி., ஹவுஸ் சர்ஜன், சிஸ்டர் எல்லோரும் கட்டிலைச் சுற்றி நிற்பார்கள். மாணவனுக்குக் கிடைக்கும் வேலை சலைன் பாட்டிலைத் தூக்கிப் பிடிப்பது. இதில் யாரையும் குறை சொல்ல முடியாது. உயிர் போய்க்கொண்டிருக்கும் ஒருவரின் நெஞ்சை மூன்றாம் வருட மாணவனிடம் பழகிக்கொள்ளக் கொடுக்கக் கூடாது. கட்டிலில் இருப்பது என் அப்பாவாக இருந்தால் நானே விடமாட்டேன்.

ஆனால் அதே பாட்டில் பிடித்த மாணவன் இரண்டு மூன்று வருடம் கழித்து, ராத்திரி இரண்டு மணிக்கு, ஏதோ ஓர் ஆரம்ப சுகாதார நிலையத்தில் தனியாக டியூட்டி பார்ப்பான். அப்போது ஒருவரைத் தூக்கிக்கொண்டு வருவார்கள். சில வகை இதய நிறுத்தங்களில், சிபிஆரும் ஷாக்கும் கிடைக்காமல் போகும் ஒவ்வொரு நிமிடத்துக்கும் பிழைக்கும் வாய்ப்பு 7 முதல் 10 சதவீதம் குறைகிறது என்று எங்களுக்குப் பாடம். புத்தகத்தைப் புரட்ட நேரமில்லை. பாட்டில் பிடிப்பதற்கும் அந்த ராத்திரிக்கும் நடுவில் ஒரு பாலம் வேண்டும் இல்லையா? விர்ச்சுவல் ரியாலிட்டி கண்ணாடிகள்தான் அந்தப் பாலம் என்று இப்போது நிறைய பேர் சொல்கிறார்கள். அது எவ்வளவு தூரம் உண்மை என்று பார்ப்பதற்காகத்தான் இந்தக் கட்டுரை.

முதலில் கொஞ்சம் பழைய கதை. (போரடிக்காது, நம்புங்கள்.)

ஆபத்தான வேலைக்கு ஒத்திகை வேண்டும் என்று நமக்கு முன்பே புரிந்துகொண்டவர்கள் விமானக்காரர்கள். அமெரிக்காவில் எட்வின் லிங்க் என்பவரின் அப்பா பியானோ, ஆர்கன் தயாரிக்கும் தொழிற்சாலை வைத்திருந்தார். ஆர்கனில் காற்று ஊதும் துருத்திகளை வைத்தே, தரையில் நின்றபடி ஆடி அசையும் ஒரு பொய் விமானத்தை 1929ல் லிங்க் செய்தார். முதலில் அதைப் பொழுதுபோக்குப் பொம்மையாகத்தான் பார்த்தார்கள். 1934ல் அமெரிக்க ராணுவம் தபால் விமானங்களை ஓட்டும் பொறுப்பை ஏற்றது. மோசமான வானிலையில் கருவிகளை மட்டும் பார்த்து ஓட்டிப் பழகாத விமானிகள் சில வாரங்களுக்குள் அடுத்தடுத்து விபத்தில் செத்தார்கள். அதற்குப் பிறகுதான் ராணுவம் லிங்க்கிடம் ஆறு கருவிகளை வாங்கியது. ஒத்திகையின் மதிப்பு சாவுகளுக்குப் பிறகே புரிகிறது என்பது அன்றைக்கே எழுதப்பட்ட விதி போலிருக்கிறது.

மருத்துவத்தில் அந்த இடத்தைப் பிடித்தது ஒரு பொம்மை. 1950களின் கடைசியில் பீட்டர் சாஃபர் என்ற மயக்கவியல் மருத்துவர் வாயோடு வாய் வைத்து மூச்சு கொடுக்கும் முறையை நிரூபித்தார். 1960ல் ஜான்ஸ் ஹாப்கின்ஸில் கோவன்ஹோவன், ஜூட், நிக்கர்பாக்கர் மூவரும் நெஞ்சை வெளியிலிருந்து அழுத்தியே ரத்தத்தை ஓடவைக்கலாம் என்று கட்டுரை வெளியிட்டார்கள். (மூவரில் கோவன்ஹோவன் படித்தது மின் பொறியியல். பொறியியல் நண்பர்கள் காலரைத் தூக்கிவிட்டுக்கொள்ளலாம்.) முறை கிடைத்துவிட்டது. அதை ஜனங்களுக்கு எப்படிப் பழக்குவது? நார்வேயில் ஆஸ்மண்ட் லேர்டால் என்று ஒரு பொம்மை வியாபாரி. மெத்தென்ற பிளாஸ்டிக்கில் குழந்தைகளுக்குப் பொம்மை செய்து விற்றவர். நீரில் மூழ்கிய தன் சின்ன மகனைத் தானே காப்பாற்றிய அனுபவம் அவருக்கு உண்டு. அவர் 1960ல் ஓர் ஆள் உயரப் பொம்மையைச் செய்தார். பாரிஸில் செய்ன் நதியில் கிடைத்த அடையாளம் தெரியாத ஒரு பெண்ணின் முகம் என்று சொல்லப்படும் ஒரு முகவார்ப்பை அதற்கு வைத்தார். அதுதான் 'ரெசசி ஆன்'. இன்றும் உலகம் முழுக்கப் பயிற்சி வகுப்புகளில் அந்தப் பெண் கண்மூடிப் படுத்திருக்கிறாள்.

அதே 1960களில் தென் கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தில் கம்ப்யூட்டரால் இயங்கும் 'சிம் ஒன்' என்ற பொம்மையைச் செய்தார்கள். மூச்சு விடும், கண் சிமிட்டும், கண்மணி சுருங்கும். மயக்க மருந்து கொடுப்பவர்களுக்குப் பழக்கம் கொடுப்பதற்காக. ஆனால் அந்தக் காலத்துக் கம்ப்யூட்டர் விலையில் அது ஒன்றோடு நின்றுபோனது.

கண்ணாடியின் கதையும் அப்போதே தொடங்கிவிட்டது. ஐவன் சதர்லேண்ட் 1968ல் செய்த தலைக்கருவியைக் கூரையிலிருந்து தொங்கவிட வேண்டியிருந்தது, அவ்வளவு கனம். அதன் பிறகு நாற்பது வருடத்துக்கு மேல் இது ஆய்வகச் சரக்காகவே கிடந்தது. மாற்றியது நம் கைபேசிதான். கைபேசிக்காகச் சின்னத் திரைகளும் அசைவை உணரும் சில்லுகளும் கோடிக்கணக்கில் தயாரானதால் விலை விழுந்தது. 2012ல் ஓக்குலஸ் ரிஃப்ட்டுக்கு மக்களிடம் பணம் திரட்டினார்கள். 2016ல் அது கடைக்கு வந்தது. 2019ல் கம்ப்யூட்டர் இணைப்பே வேண்டாத குவெஸ்ட் வந்தது. 2023ல் குவெஸ்ட் 3 அமெரிக்காவில் 499 டாலருக்கு அறிமுகமானது. ஒரு நல்ல கைபேசியின் விலை.

சரி, இதை வைத்து என்ன செய்கிறார்கள்?

எனக்குத் தெரிந்து நல்ல உதாரணம் லாஸ் ஏஞ்சலஸ் குழந்தைகள் மருத்துவமனை. அவர்கள் 2017ல் ஓக்குலஸோடும் சில மென்பொருள் நிறுவனங்களோடும் சேர்ந்து, குழந்தைகளுக்கான அவசர சிகிச்சை ஒத்திகையை உருவாக்கினார்கள். வலிப்பு நிற்காத ஒரு குழந்தை, ஒவ்வாமையில் அதிர்ச்சிக்குப் போகும் ஒரு குழந்தை. உண்மையில் நடந்த கேஸ்களை வைத்து எழுதப்பட்டவை. கண்ணாடியை மாட்டினால் நீங்கள் அந்த அறையில் நிற்பீர்கள். எதிரில் குழந்தை, பக்கத்தில் நர்ஸ், மானிட்டர் சத்தம், பதறும் பெற்றோர். முடிவு நீங்கள் எடுக்க வேண்டும். எடுக்காவிட்டால் நேரம் ஓடும், குழந்தையின் நிலை இறங்கும்.

ஏன் குழந்தைகளைத் தேர்ந்தெடுத்தார்கள் என்பதும் யோசிக்க வேண்டியது. பெரியவர்களுக்கு டோஸ் பெரும்பாலும் மனப்பாடம். குழந்தைக்கு எல்லாமே எடைக் கணக்கு. அட்ரினலினை எடுத்துக்கொள்ளுங்கள். இதயம் நின்ற குழந்தைக்குக் கிலோவுக்கு 0.01 மில்லிகிராம், நரம்பில். ஒவ்வாமை அதிர்ச்சிக்கும் கிலோவுக்கு அதே 0.01 மில்லிகிராம்தான், ஆனால் தசையில். நம்மிடம் வரும் ஆம்பூலில் ஒரு மில்லிக்கு ஒரு மில்லிகிராம் இருக்கும். 10 கிலோ குழந்தைக்குத் தசையில் போட அதை அப்படியே 0.1 மில்லி எடுத்தால் போதும். நரம்பில் போட என்றால் அதைப் பத்து மடங்காகக் கலக்கி, அதில் 1 மில்லி. கலக்க மறந்துவிட்டு 1 மில்லி கொடுத்தால் பத்து மடங்கு டோஸ். பரீட்சை ஹாலில் உட்கார்ந்து இந்தக் கணக்கைப் போடுவது சுலபம். அம்மா அலறிக்கொண்டிருக்கும்போது போடுவதுதான் கஷ்டம். அந்த அலறலோடு சேர்த்துக் கணக்குப் போட்டுப் பழக, யாரும் சாகாத ஓர் அறை வேண்டும். கண்ணாடி அதைத் தருகிறது. ஒரே கேஸை இருபது தடவை செய்யலாம், பத்து மடங்கு டோஸ் கொடுத்தால் என்ன ஆகும் என்றுகூடப் பார்க்கலாம்.

சென்ற வருடம் வேறொரு கல்லூரியில் நடந்த பயிலரங்கில் எனக்கும் கண்ணாடி மாட்டிப் பார்க்க வாய்ப்பு கிடைத்தது. நெஞ்சுவலியோடு வந்த ஐம்பது வயதுக்காரர், பேசிக்கொண்டிருக்கும்போதே சரிகிறார். மானிட்டரில் கோடு கன்னாபின்னாவென்று ஆடுகிறது. படத்தின் தரம் ஒன்றும் பிரமாதமில்லை, முகங்கள் வீடியோ கேம் முகங்கள்தான். ஆனால் அந்த நர்ஸ் என் பக்கம் திரும்பி, "டாக்டர், என்ன செய்யட்டும்?" என்று (ஆங்கிலத்தில்தான்) கேட்டபோது உள்ளங்கை ஈரமாகிவிட்டது. இதுவரை என்னை யாரும் அந்தக் கேள்வி கேட்டதில்லை. வார்டில் பதில் சொல்ல எப்போதும் வேறு ஒருவர் இருப்பார். அங்கே திரும்பிப் பார்த்தால் என் பின்னால் சுவர். அந்த ஒரு கணத்துக்காகவே இந்தக் கருவிக்கு மரியாதை வந்தது.

அடுத்து நெஞ்சை அழுத்தச் சொன்னது. அழுத்தினேன். எதை? காற்றை. திரையில் எண்ணிக்கை ஏறிக்கொண்டிருந்தது, தாளம் சரி என்று பச்சை விளக்கு எரிந்தது. கையில் எந்த எதிர்ப்பும் இல்லை. முதல் வருட ஃபவுண்டேஷன் கோர்ஸில் பொம்மை மேல் செய்தபோது இப்படி இல்லை. அது ஸ்பிரிங் வைத்த நெஞ்சு, சரியான ஆழத்துக்குப் போனால்தான் 'கிளிக்' என்று சத்தம் கொடுக்கும். இரண்டாவது நிமிடத்தில் தோள்பட்டை எரியும், மூச்சு வாங்கும், மணிக்கட்டு வலிக்கும். இரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை ஆள் மாற வேண்டும் என்று ஏன் விதி வைத்திருக்கிறார்கள் என்று யாரும் விளக்கவே வேண்டாம், தோள் சொல்லிவிடும். கண்ணாடியில் பத்து நிமிடம் செய்தாலும் எனக்கு வியர்க்காது போலிருந்தது.

இது என் ஒருவனுடைய உணர்வுதானா என்று தேடிப் பார்த்தபோது ஓர் அருமையான ஆய்வு கிடைத்தது. நெதர்லாந்தில் லோலேண்ட்ஸ் என்று ஓர் இசைத் திருவிழா. 2018ல் அங்கே பாட்டுக் கேட்க வந்தவர்களையே பிடித்து ஆய்வு செய்திருக்கிறார்கள். மொத்தம் 381 பேர். சீட்டுக் குலுக்குவது போல இரண்டாகப் பிரித்து, பாதிப் பேருக்கு ஆசிரியர் நேரில் வைத்து சிபிஆர் பயிற்சி, மீதிப் பேருக்கு விஆர் கண்ணாடியில் பயிற்சி. இருபது நிமிடம். பிறகு எல்லோரையும் சோதித்தார்கள். முடிவு 2020ல் ஜாமா கார்டியாலஜி இதழில் வந்தது.

வேகத்தில் இரு அணியும் தேர்ச்சி. நிமிடத்துக்கு 100 முதல் 120 அழுத்தம் வேண்டும். நேரில் கற்றவர்களின் சராசரி 109, கண்ணாடியில் கற்றவர்களின் சராசரி 114. ஆழத்தில்தான் வித்தியாசம். பெரியவர்களுக்குக் குறைந்தது 5 சென்டிமீட்டர், 6ஐத் தாண்டக் கூடாது என்பது விதி. நேரில் கற்றவர்கள் சராசரியாக 57 மில்லிமீட்டர் அழுத்தினார்கள். கண்ணாடியில் கற்றவர்கள் 49.

எட்டு மில்லிமீட்டர். சுண்டுவிரல் அகலம்கூட இல்லை. ஆனால் 57 விதிக்குள் இருக்கிறது, 49 விதிக்குக் கீழே இருக்கிறது. மூளைக்கு ரத்தம் போவது அந்த ஆழத்தைப் பொறுத்தது. கண்ணாடியில் கற்றவர்களுக்கு எண்ண வந்தது, அழுத்தும் பலம் அதே அளவுக்கு வரவில்லை. இதில் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை. தாளத்தைக் கண்ணும் காதும் கற்றுக்கொள்ளும். ஆழத்தைத் தோள்தான் கற்றுக்கொள்ள வேண்டும்.

அப்படியானால் விஆர் வேஸ்ட் என்று முடிவு கட்டிவிடலாமா? அவசரப்படாதீர்கள். எதிர்ப்பக்கமும் ஓர் ஆய்வு இருக்கிறது, பழையது. 2002ல் யேல் பல்கலைக்கழகத்தில் 16 அறுவை சிகிச்சைப் பயிற்சி மருத்துவர்களை வைத்துச் செய்தது. லேப்ராஸ்கோப்பியில் பித்தப்பையைப் பிரித்தெடுப்பதற்கு முன், பாதிப் பேருக்குக் கூடுதலாக மெய்நிகர் கருவியில் பயிற்சி. பிறகு நிஜமான அறுவை சிகிச்சையை வீடியோ எடுத்து, யார் எந்த அணி என்று தெரியாத மருத்துவர்களை வைத்து மதிப்பிட்டார்கள். பயிற்சி பெற்றவர்கள் 29 சதவீதம் வேகமாகப் பிரித்தார்கள். பயிற்சி பெறாதவர்கள் பித்தப்பையைக் காயப்படுத்தவோ வேறு திசுவைச் சுட்டுவிடவோ ஐந்து மடங்கு வாய்ப்பு இருந்தது. கற்பனை உலகில் கற்றது நிஜ உடம்பில் வேலை செய்தது என்று முதலில் காட்டிய ஆய்வுகளில் இது ஒன்று.

ஏன் அங்கே கைவேலை வந்தது, இங்கே வரவில்லை? நான் புரிந்துகொண்டது இது. யேல் கருவியில் முகத்தில் கண்ணாடி கிடையாது. திரை மட்டும் பொய், கையில் பிடித்த கைப்பிடிகள் நிஜம். லேப்ராஸ்கோப்பியில் நிஜமாகவே திரையைப் பார்த்துக்கொண்டு நீளக் கைப்பிடிகளைத்தான் அசைப்பார்கள். அதனால் கை செய்த வேலை இரண்டு இடத்திலும் ஒன்றே. சிபிஆர் கண்ணாடியில் அழுத்த வேண்டிய நெஞ்சுதான் இல்லை. ஆக, ஒத்திகையில் எது நிஜமாக இருக்கிறதோ அதைத்தான் நாம் கற்றுக்கொள்கிறோம். விஆர் அவசர அறையில் நிஜமாக இருப்பவை பதற்றம், நேர நெருக்கடி, வரிசை, முடிவு எடுக்கும் பொறுப்பு. பொம்மையில் நிஜமாக இருப்பவை நெஞ்சின் எதிர்ப்பு, தாடையைத் தூக்கும் கோணம், முகமூடியை முகத்தோடு அழுத்திப் பிடிக்கும் விரல்கள். ஒன்றுக்குப் பதில் இன்னொன்றை வாங்குவது சட்டைக்குப் பதில் செருப்பு வாங்குவது மாதிரி.

இரண்டையும் சேர்க்கவும் வழி வந்துவிட்டது. குவெஸ்ட் 3 போன்ற புதிய கண்ணாடிகளில் கேமரா வழியாக நிஜ அறையும் தெரியும். அதனால் நிஜப் பொம்மையின் நெஞ்சில் கைவைத்து அழுத்திக்கொண்டே, சுற்றிலும் மெய்நிகர் வார்டைப் பார்க்க முடியும். என் ஓட்டு இதற்குத்தான்.

மூன்றாவதாக ஒன்று இருக்கிறது, அதற்குக் கரண்ட் தேவையில்லை. ஸ்டான்ஃபோர்டில் 1980களிலிருந்து மயக்கவியல் அவசரநிலைகளுக்கு ஒத்திகை நடத்திய டேவிட் காபா, சிமுலேஷன் என்பது ஒரு கருவியின் பெயரல்ல, ஒரு கற்பித்தல் உத்தியின் பெயர் என்ற பொருளில் எழுதியிருக்கிறார். கேஸ் முடிந்ததும் எல்லோரும் வட்டமாக உட்கார்ந்து, ஏன் அந்த நேரத்தில் அந்த முடிவு எடுத்தாய், அப்போது உனக்கு என்ன தெரிந்தது, யாரிடம் உதவி கேட்டாய் என்று பேச வேண்டும். கற்றல் பெரும்பாலும் அந்தப் பேச்சில்தான் நடக்கிறது. என் பயிலரங்கில் கண்ணாடிக்குள் இருந்தது எட்டு நிமிடம். பிறகு ஆசிரியரோடு பேசியது இருபது நிமிடம். எனக்கு இன்றும் நினைவில் இருப்பதில் பாதி அந்த இருபது நிமிடம்தான். மார்க் போடாமல், மானத்தை வாங்காமல் பேசும் ஆசிரியர் இல்லாவிட்டால் கண்ணாடி வெறும் விளையாட்டுச் சாமான்.

இப்போது நம் ஊருக்கு வருவோம். 2019ல் இந்திய மருத்துவக் கழகம் கொண்டுவந்த புதிய எம்.பி.பி.எஸ். பாடத்திட்டத்தில் ஒவ்வொரு கல்லூரியிலும் ஸ்கில் லேப் இருக்க வேண்டும் என்று வைத்தார்கள். நல்ல விஷயம். எங்கள் வகுப்பில் 150 பேர். நாலு பொம்மைகள். கணக்கு நீங்களே போட்டுக்கொள்ளுங்கள். இங்கேதான் கண்ணாடிக்கு ஓர் உண்மையான வேலை இருக்கிறது. வரிசையையும் முடிவெடுப்பதையும் கண்ணாடியில் பழகிவிட்டால், பொம்மையின் முன் கிடைக்கும் கொஞ்ச நேரத்தை முழுக்கக் கைவேலைக்கே செலவிடலாம்.

ஆனால் என்ன கேஸ்? நான் மாட்டிப் பார்த்த மென்பொருளில் இருந்தது வெளிநாட்டு வார்டு. ஒரு நோயாளிக்கு ஒரு தனி அறை, கேட்ட உடனே கையில் வரும் மருந்து, கதவுக்கு வெளியே அமைதி. நம் கேஷுவால்டியில் ஒரு நோயாளிக்குப் பத்து உறவினர்கள். ஆக்சிஜன் சிலிண்டரைத் திறக்கும் சாவி யாரிடம் இருக்கிறது என்று தேட வேண்டும். அதைவிட முக்கியம், கேஸ்களே வேறு.

பூச்சிமருந்து குடித்து வருபவரை எடுத்துக்கொள்ளுங்கள். ஆர்கனோபாஸ்பேட் விஷத்துக்கு அட்ரோபின். பெரியவர்களுக்கு 1.8 முதல் 3 மில்லிகிராம் வரை கொடுத்துத் தொடங்கி, ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை பார்த்து, போதவில்லை என்றால் டோஸை இரட்டிப்பாக்கிக்கொண்டே போக வேண்டும். 0.6 மில்லிகிராம் ஆம்பூல் என்றால் முதலில் 3, பிறகு 6, பிறகு 12, பிறகு 24. கால்மணி நேரத்தில் 45 ஆம்பூல் உடைக்க வேண்டி வரலாம். எப்போது நிறுத்துவது? நெஞ்சில் நீர்ச்சத்தம் தெளிய வேண்டும், நாடித்துடிப்பும் மேல் ரத்த அழுத்தமும் 80ஐத் தாண்ட வேண்டும், அக்குள் உலர வேண்டும், ஊசிமுனை போலிருந்த கண்மணி விரிய வேண்டும். புத்தகத்தில் இது நாலு வரி. ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை இத்தனையையும் பார்த்து, "இன்னும் இரட்டிப்பாக்குங்கள் சிஸ்டர்" என்று தைரியமாகச் சொல்வது வேறு விஷயம். பாம்புக்கடியும் அப்படித்தான். கண்ணாடிக் குழாயில் 2 மில்லி ரத்தம் எடுத்து, 20 நிமிடம் அசைக்காமல் வைத்து, சாய்த்துப் பார்க்க வேண்டும். உறையாவிட்டால் விஷமுறிவு மருந்து. அந்த 20 நிமிடமும் வெளியே நிற்கும் உறவினர்கள், "இன்னும் ஏன் ஊசி போடவில்லை?" என்று கதவைத் தட்டுவார்கள். அவர்களிடம் என்ன சொல்வது என்பதும் சிகிச்சையில் சேர்த்தி. அரளி விதை, தேள்கடி என்று பட்டியல் நீளும்.

கைபலம் குறைவாகவும், கவனிப்பும் காத்திருப்பும் முடிவும் அதிகமாகவும் தேவைப்படும் இந்தக் கேஸ்கள்தான் கண்ணாடிக்கு ஏற்றவை. இவற்றை லாஸ் ஏஞ்சலஸில் இருப்பவர் நமக்காக எழுதித் தரமாட்டார். நம் வார்டுகளில் வருடக்கணக்காக இவற்றைப் பார்த்த மருத்துவர்களும் சிஸ்டர்களும் சொல்ல, நம் பொறியியல் நண்பர்கள் நிரல் எழுத, நோயாளி தமிழில் புலம்ப வேண்டும். "நெஞ்ச அடைக்குதுங்க" என்பதற்கும் ஆங்கில மென்பொருளின் வாக்கியத்துக்கும் நடுவிலேயே ஒரு நோய் கண்டறிதல் தொலைந்துபோகலாம். எங்கள் கல்லூரிக்குப் பக்கத்துப் பொறியியல் கல்லூரியில் வருடா வருடம் ப்ராஜக்டுக்கு என்ன செய்வது என்று தலையைப் பிய்த்துக்கொள்கிறார்கள். இதோ, எடுத்துக்கொள்ளுங்கள் :-)

கண்ணாடிக்கு வேறு தொல்லைகளும் உண்டு. சிலருக்குத் தலைசுற்றும். ஒருவர் வியர்வை இன்னொருவர் முகத்தில் படாமல் துடைத்து வைக்க ஆள் வேண்டும். இரண்டு வருடத்தில் பழைய மாடலாகிவிடும். எல்லாவற்றையும்விடப் பெரிய தொல்லை, பீரோ. விலை உயர்ந்த பொருள் என்பதால் பூட்டி வைத்து, இன்ஸ்பெக்‌ஷன் அன்று மட்டும் வெளியே எடுப்பது. பிளாஸ்டிக் உறை பிரிக்காத ஒரு பொம்மையை நான் ஓர் இடத்தில் பார்த்திருக்கிறேன். அதன் நெஞ்சில் யாருடைய கையும் பட்டதே இல்லை. அப்படிப்பட்ட இடத்தில் கண்ணாடிக்கும் அதே கதிதான் நடக்கும்.

நோயாளி பக்கத்திலிருந்து யோசித்தால் எனக்கு விஷயம் தெளிவாகிவிடுகிறது. கேஷுவால்டி கட்டிலில் கிடப்பவர், அதுவும் அரசு மருத்துவமனையில், "உங்களுக்கு இது எத்தனாவது தடவை டாக்டர்?" என்று கேட்கும் நிலையில் இல்லை. கேட்க முடியாதவர் மேல் முதல் தடவையைச் செலவு செய்வது நியாயமில்லை. முதல் பத்துத் தடவை பொம்மை மேல், அடுத்த பத்துத் தடவை கண்ணாடிக்குள், அதன் பிறகு சீனியர் கண்முன்னால் நிஜ நோயாளி. இந்த வரிசை கொஞ்சம் செலவு பிடிக்கும். ஆனால் ஏற்கெனவே இருக்கும் பொருட்களை வைத்தே பாதியைத் தொடங்கிவிடலாம்.

வகுப்பு நண்பர்களுக்கு ஒரு தகவல். நம் ஸ்கில் லேப் சனிக்கிழமை மதியமும் திறந்திருக்கிறது. போன வாரம் போனபோது என்னோடு சேர்த்து மூன்று பேர். லேப் அட்டெண்டர் அண்ணன் பொம்மையை எடுத்துக் கொடுத்துவிட்டு, அவரே ஸ்டாப்வாட்சும் பிடிக்கிறார். கண்ணாடி எப்போது வருமோ தெரியாது. அதுவரை இரண்டு நிமிடம், நிமிடத்துக்கு 110, ஒவ்வொன்றும் கிளிக். வாருங்கள், அழுத்திப் பார்க்கலாம்.